பழைய பிக்கப் வண்டியின் தடுப்பிச் சீரமைப்பு

தடுப்பிச் சீரமைப்பு என்பது, ஓடித் தேய்ந்த வண்டியின் தடுப்பி அல்லது பிரேக்கு அமைப்பை முழுமையாகச் சோதித்து, பழுதான உறுப்புகளை மாற்றி, மீண்டும் நம்பத்தக்க நிலைக்குக் கொண்டு வருவதாகும். கைமாறி வரும் பிக்கப் வண்டி இதற்கு முன் எவ்வாறு பராமரிக்கப்பட்டது என்பது புதிய உரிமையாளருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. சமவெளியில் குறையின்றி நிற்கும் வண்டி மலை இறக்கத்தில் நிற்காமல் போகக்கூடும். எனவே தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர் போன்ற மலையடிவார ஊர்களில் இச்சீரமைப்பு மிகவும் இன்றியமையாததாகும்.

மலைச்சாலையின் தன்மை

போடிநாயக்கனூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்துள்ளது. இங்கிருந்து தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள போடிமெட்டுக்குச் செல்லும் சாலை, 17 கொண்டை ஊசி வளைவுகளுடன் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் ஏறுகிறது. முன்பு தேசிய நெடுஞ்சாலை 49 எனப்பட்ட இச்சாலை, 2010-ஆம் ஆண்டின் எண் மாற்றத்திற்குப் பின் தேசிய நெடுஞ்சாலை 85-இன் பகுதியாக உள்ளது. எல்லைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்கள் உள்ளன. உரமும் தளவாடங்களும் மேலே செல்கின்றன. தோட்டங்களில் உலர்த்தப்பட்ட ஏலக்காய், நறுமணப் பொருட்கள் வாரியத்தின் ஏல மையம் உள்ள போடிக்கு மூட்டைகளாக இறங்குகிறது. ஆகவே வண்டிகள் பல நேரங்களில் பாரத்துடனேயே இறங்க வேண்டியுள்ளது.

வெப்பமும் தடுப்பியின் தளர்ச்சியும்

தடுப்பி, வண்டியின் இயக்க ஆற்றலை உராய்வின் மூலம் வெப்பமாக மாற்றுகிறது. பாரத்துடன் 2,500 கிலோகிராம் நிறையுள்ள வண்டி 1,000 மீட்டர் இறங்கும்போது ஏறத்தாழ 245 இலட்சம் ஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. இது 25 பாகை செல்சியசில் உள்ள 75 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டு வரப் போதுமானது. இதில் ஒரு பங்கைக் காற்றுத் தடையும் எஞ்சினும் ஏற்கின்றன. எஞ்சியது முழுவதும் சக்கரங்களின் டிரம்களையும் வட்டுகளையும் சூடாக்குகிறது.

அளவு மீறிய வெப்பம் இரு வகைகளில் தீங்கு செய்கிறது. முதலாவதாக, லைனிங்கின் உராய்வுத் திறன் குறைகிறது. அப்போது மிதி கெட்டியாகவே இருக்கும். ஆனால் பிரேக்கு பிடிக்காது. இரண்டாவதாக, பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ்கள் தோன்றுகின்றன. நீர்மம் அமுங்குவதில்லை, ஆவி அமுங்கும். எனவே மிதி தரைவரை இறங்கியும் சக்கரத்திற்கு அழுத்தம் சென்று சேராது.

பிரேக் ஆயிலின் பழமை

கிளைக்கால் வகையைச் சேர்ந்த பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 தரத்தின்படி புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியசாகவும், ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் கலந்த நிலையில் குறைந்தது 140 பாகையாகவும் இருக்க வேண்டும். டாட் 4 தரத்திற்கு இவ்வளவுகள் முறையே 230, 155 பாகைகளாகும். பழைய ஆயில் உள்ள வண்டி சந்தைத் தெருவில் நன்றாக நிற்பதும் மலையில் நிற்காமல் போவதும் இந்த வேறுபாட்டினாலேயே. ஆதலால் வாங்கிய வண்டியில் ஆயிலின் நிறம் எவ்வாறு இருப்பினும் அதனை முழுவதும் மாற்றிவிடுவது நன்று.

குறைகளும் காரணங்களும்

* மிதி பஞ்சு போல் அமுங்குதல்: குழாய்களில் காற்று புகுந்திருக்கும்.
* அழுத்திப் பிடித்த மிதி மெல்ல இறங்குதல்: மாஸ்டர் சிலிண்டரின் உள் வாஷர் தேய்ந்திருக்கும், அல்லது எங்கேனும் கசிவு இருக்கும்.
* பலமுறை மிதித்த பின்னரே பிடித்தல்: லைனிங் தேய்ந்து டிரம்முடன் இடைவெளி கூடியிருக்கும், அல்லது காற்று இருக்கும்.
* வண்டி ஒரு பக்கம் இழுத்தல்: ஒரு சக்கரத்தின் சிலிண்டர் இறுகியிருக்கும், அல்லது லைனிங்கில் எண்ணெய் படிந்திருக்கும்.
* மிதி மிகக் கடினமாதல்: வெற்றிடத் துணையமைப்பு பழுதாகியிருக்கும்.

சீரமைக்கும் முறை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, ஜாக்கியுடன் தாங்கிகளையும் வைத்த பின்னரே சக்கரங்களைக் கழற்ற வேண்டும். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கக்கூடும். எனவே டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாமல், ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

சக்கர சிலிண்டர்கள், இரும்புக் குழாய்கள், ரப்பர் குழாய்கள் ஆகியவற்றில் கசிவு, துரு, வெடிப்பு உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். பின்சக்கர லைனிங் எண்ணெயில் நனைந்திருந்தால், லைனிங்கை மட்டும் மாற்றுவது பயன் தராது. அச்சின் ஆயில் சீலையும் மாற்ற வேண்டும். லைனிங்குகளை ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்றுவது வழக்கம். டிரம்மின் பெரும விட்டமும் வட்டின் சிறும தடிப்பும் தயாரிப்பாளர் குறித்த எல்லைக்குள் இருக்க வேண்டும். எஞ்சின் ஆயிலோ மண்ணெண்ணெயோ இவ்வமைப்பினுள் கலந்தால் ரப்பர் உறுப்புகள் ஊதிக் கெட்டுவிடும்.

அடுத்து, குழாய்களிலுள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றொருவர் சக்கரத்திலுள்ள ஏர் திருகைத் தளர்த்திக் குமிழ்களை வெளியேற்றி, மிதியை விடுமுன் திருகை மூடுவார். தயாரிப்பாளர் வேறு முறை கூறாவிடில், மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து இது தொடங்கும். கலத்தில் ஆயில் வற்றினால் மீண்டும் காற்று புகும் என்பதால், இடையிடையே ஆயில் நிரப்பப்படும்.

சோதனை

எஞ்சினை நிறுத்தி மிதியைப் பலமுறை மிதித்து, பின் அழுத்திப் பிடித்தவாறே எஞ்சினை இயக்கினால் மிதி சற்று இறங்க வேண்டும். இறங்காவிடில் வெற்றிடத் துணையமைப்பில் குறை உள்ளது. பின்னர் வெறும் வண்டியைச் சமதளத்தில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்க்க வேண்டும். கைப்பிரேக்கு தனியாகச் சோதிக்கப்பட வேண்டும். சிறு இறக்கத்தில் வெறும் வண்டியாக ஓட்டிப் பார்த்த பின்னரே பாரம் ஏற்றலாம். பிரேக்கு உயிர்காப்பு உறுப்பாதலால், அனுபவமில்லாதவர் செய்த வேலையைத் தேர்ந்த மெக்கானிக் ஒருவர் பார்வையிடுவது அவசியம்.

இறக்கத்தில் கையாளுதல்

புதுப்பிக்கப்பட்ட தடுப்பியும் இறக்கம் முழுவதும் மிதித்தே ஓட்டினால் தளர்ந்துவிடும். ஏறும் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைச்சாலை ஓட்டுநர்களின் பொது விதி. குறைந்த கியரில் எஞ்சினே வேகத்தை அடக்குவதால் தடுப்பிக்கு ஓய்வு கிடைக்கிறது. எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணி நியூட்ரலில் இறங்கினால் இந்தத் தடை கிடைக்காது. எஞ்சினையும் நிறுத்தினால் மிதிக்குரிய வெற்றிடத் துணையும் விரைவில் தீர்ந்துவிடும். கருகும் வாடை வந்தாலோ மிதி தணிந்தாலோ பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிட வேண்டும். சூடான டிரம்மில் நீரூற்றினால் அது வெடிக்கக்கூடும்.

சட்ட நிலை

இந்தியாவில் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின் கீழ், எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வாகனங்கள் ஆண்டுதோறும் தகுதிச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். இச்சான்று சோதனை நாளின் நிலையையே காட்டும். அடுத்த இறக்கத்திற்கு அது உறுதி ஆகாது. குறுகிய மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பதும் சாலை விதியாகும். இவ்விதியைக் கடைப்பிடிக்க, இறங்கும் வண்டி வேண்டிய இடத்தில் நிற்கக்கூடியதாக இருத்தல் வேண்டும்.