அட்டையில் ஏழு மனைவிகள்

விண்வெளிச் செய்தியில் புகுந்த விளம்பரம் என்றால் பலருக்கும் டாங் பானத்தூள்தான் நினைவுக்கு வரும். 1962இல் ஜான் கிளென்னோடு விண்ணுக்குப் போனது அது. நான் வகுப்பில் காட்டுவதோ 1959 செப்டம்பர் 21 தேதியிட்ட அமெரிக்க லைஃப் இதழின் அட்டையை. அந்நாட்டின் முதல் ஏழு விண்வெளி வீரர்களின் மனைவிகள் அதில் சிரிக்கிறார்கள்.

"இதுல என்ன விக்கிறாங்க மேடம்?" என்றாள் ஒரு மாணவி.

நல்ல கேள்வி. வீரர்களின், குடும்பத்தாரின் சொந்தக் கதைகளை லைஃப் மட்டுமே வெளியிட 5,00,000 டாலருக்கு ஒப்பந்தம்; நாசாவும் சம்மதித்தது. ஒப்பந்தம் ரகசியமல்ல, பிற பத்திரிகைகள் முணுமுணுக்கவும் செய்தன. மறைந்தது வேறு.

ட்ரூடி கூப்பர் விமானம் ஓட்டத் தெரிந்தவர். கணவர் கார்டன் கூப்பரைப் பிரிந்து மகள்களோடு தனியே வாழ்ந்தவர். வீரர் தேர்வின்போது, குலையாத குடும்பம் வேண்டுமென்று கணவர் கேட்க, திரும்பி வந்தார். அட்டையில் அவரும் சிரிக்கிறார். பிரிவைப் பற்றி லைஃப் மூச்சுவிடவில்லை. விற்றது சோப்பல்ல, 'நல்ல மனைவி'. விளம்பரம் என்று மேலே அச்சிடாததால் அது செய்தியானது.

படைச் சம்பளத்தில் வீடு நடத்திய அந்தப் பெண்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அந்தப் பணம் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

கூப்பர் கடைசியாக விண்ணுக்குப் போனது 1965இல். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து இருவரும் மணமுறிவு பெற்றார்கள்.