மருந்து முந்தியது, குண்டு பின்தங்கியது

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போகும் மலை ரயிலில் குன்னூர் தாண்டினால் அருவங்காடு ஸ்டேஷன் வரும். பக்கத்திலேயே கார்டைட் ஃபேக்டரி. சின்ன வயதில் "கார்டைட்னா என்னப்பா?" என்று கேட்டதற்கு அப்பா "துப்பாக்கி மருந்துடா" என்று சொல்லி முடித்துவிட்டார். மருந்து என்றால் கரித்தூள் மாதிரி ஏதோ பொடி என்றுதான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் கார்டைட் பொடியே இல்லை, சேமியா மாதிரி நீள இழை. அது ஏன் அப்படி என்று தேடப் போய்த்தான், தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்ளும் வேட்டைக்காரர்களின் வரலாற்றுக்குள் நுழைந்தேன். (நான் துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. வரலாறு மட்டும்தான் நமக்கு.)

முதலில் பெயர்களைச் சரிசெய்துகொள்வோம். தோட்டாவில் நான்கு உறுப்புகள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி கொடுக்கும் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்ட பிறகும் கூடு மிஞ்சும். அதில் புதுக் கேப்பும் மருந்தும் குண்டும் வைத்தால் மறுபடி தோட்டா. எந்த மருந்து, எந்தக் குண்டு என்பதுதான் இங்கே கேள்வி.

குழல் வாய் வழியாக நிரப்பிய காலத்தில் எல்லா வேட்டைக்காரனும் இந்த வேலையைத் தானேதான் செய்தான். இலங்கையில் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கரின் பெரிய ரைஃபிள் 21 பவுண்டு எடை. அதில் 3 அவுன்ஸ் ஈயக் குண்டு, 16 டிராம், அதாவது சுமார் 28 கிராம், கருமருந்து. கருமருந்தில் தேர்வு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எவ்வளவு போடுவது, பொடி எவ்வளவு பருமன், அவ்வளவுதான். வேகம் ஓர் எல்லைக்கு மேல் போகாது. அதனால் குண்டை எடையில் பெரிதாக்கினார்கள்.

1884-இல் பிரான்சில் பால் வியெய் புகையற்ற மருந்தைக் கண்டுபிடித்தார். 1886-லேயே அது லெபெல் ரைஃபிளில் ஏறிவிட்டது. குண்டு சட்டென்று முன்பைவிட அதிக வேகத்தோடு கிளம்பியது. உடனே முதல் சிக்கல்: அந்த வேகத்தில் வெறும் ஈயம் குழலின் வரிப்பள்ளங்களைப் பிடிக்க முடியாமல் வழுக்கி, உள்ளே அப்பிக்கொண்டது. ஆகவே ஈயத்துக்கு உலோக உறை போட வேண்டியதாயிற்று. மருந்து மாறியதும் குண்டும் மாறியாக வேண்டியிருந்தது. நம்ம வேலையில் ஒரு லைப்ரரியை அப்டேட் பண்ணினால் இன்னொன்று உடைவது போலத்தான்.

1889-இல் ஆபெலும் டிவாரும் பிரிட்டனுக்காகச் செய்தது கார்டைட்: நைட்ரோகிளிசரின் 58, வெடிபஞ்சு 37, வாசலின் 5 சதவீதம். .303 தோட்டாவில் இந்த இழைக் கட்டை முதலில் கூட்டுக்குள் வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் கூட்டின் கழுத்தைக் குறுக்குவார்கள். ஃபேக்டரியில் சரி. வீட்டில் இருப்பவன் அந்தக் குறுகின கழுத்து வழியாக இழைக் கட்டை எப்படித் திணிப்பான்? தானே நிரப்ப நினைப்பவனுக்குக் கார்டைட் ஒத்துவரவே இல்லை.

அமெரிக்காவில் கதை வேறு. ட்யுபான்ட் கம்பெனியின் ரைஃபிள் மருந்து, நடுவில் துளையுள்ள குட்டிக் குட்டிக் குச்சிகள். புனல் வைத்துக் கொட்டலாம். அந்தத் துளை அழகுக்காக இல்லை. குச்சி வெளியே எரிந்து சிறுக்கச் சிறுக்க உள்துளை பெரிதாகும். எரியும் பரப்பு ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். மேலே தடவும் ரசாயனப் பூச்சு ஆரம்ப எரிதலை மட்டுப்படுத்தும். அடுப்பில் வைக்கோலைப் போட்டால் குப்பென்று பிடித்து அணைகிறது, விறகு நின்று எரிகிறது, இல்லையா? அதே வித்தியாசம்தான். லேசான குண்டுக்கும் சின்னக் கூட்டுக்கும் வைக்கோல் சரி. கனமான குண்டுக்கும், பெரிய கூடு, குறுகின குழலுக்கும் விறகுதான் வேண்டும். அங்கே வைக்கோலை வைத்தால் குண்டு நகர்வதற்குள் அழுத்தம் ஏறி துப்பாக்கியே வெடிக்கும். இதில் பயங்கரம் என்னவென்றால், இரண்டு வகையும் பார்வைக்கு ஒரே மாதிரிக் கருஞ்சாம்பல் குச்சிகளாக இருக்கலாம். டப்பாவின் லேபிள்தான் காப்பு.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவத்திடம் மருந்து மலைபோல மிஞ்சியது. கேன்சஸில் எரிவாயு கம்பெனி ஊழியர் புரூஸ் ஹாஜ்டன், ஆயுள் காப்பீட்டின் மேல் கடன் வாங்கி 50,000 பவுண்டு 4895 மருந்தை வாங்கினார். வாடகைக்கு எடுத்த மேய்ச்சல் நிலத்தில் ஒரு பழைய ரயில் பெட்டியை நிறுத்தி அதில் சேமித்தார். அடுத்து வந்தது 4831, 20 மி.மீ. பீரங்கிக்காகச் செய்த மெதுவான மருந்து. 1925-இல் வந்த .270 வின்செஸ்டர், பெரிய கூடும் குறுகின குழலும் கொண்டது. பீரங்கி மருந்து அதற்கு அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்தியது. மலிவு விலையில் சாதாரண வேட்டைக்காரனும் தோட்டாவின் வேகத்தைக் கூட்டிக்கொண்டான்.

மறுபடி குண்டு பின்தங்கியது. 1946-இல் பிரிட்டிஷ் கொலம்பியா காட்டில், லாரித் தொழில் செய்துவந்த ஜான் நோஸ்லர் ஒரு மூஸைச் சுட்டார். சேறு காய்ந்து அப்பியிருந்த தோளில் பட்டதும் குண்டு மேலாகவே சிதறிப்போனது. ஆழமாக இறங்கவில்லை. மெதுவான காலத்துக்குச் செய்த குண்டு, புது வேகத்தைத் தாங்கவில்லை. நோஸ்லர் யோசித்த தீர்வு எளிமையானது: செம்பு உறைக்கு நடுவில் ஒரு தடுப்புச் சுவர். முன் அறை ஈயம் காளான்போல விரியும், பின் அறை அப்படியே நின்று உள்ளே ஓட்டிச் செல்லும். பெயரே பார்ட்டிஷன். 1948-இல் விற்பனைக்கு வந்தது.

இது வெறும் மெக்கானிக்கல் சமாச்சாரம் இல்லை. சரியாக வேலை செய்யாத குண்டு என்றால், அடிபட்ட மிருகம் காட்டுக்குள் ஓடிப்போய் நாள்கணக்கில் துடிக்கும் என்று அர்த்தம். ஜிம் கார்பெட் 1907-இல் சம்பாவத் பெண்புலியைச் சுட்ட பிறகு பார்த்தபோது, அதன் வலப்பக்கக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம். அதனால்தான் இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் மனிதரைத் தேடி வந்தது என்பது அவர் முடிவு. அந்தப் புலிக்குப் பலியானவர்கள் என்று சொல்லப்படுவது 436 பேர். சுட்டவன் யார், என்ன தோட்டா போட்டான் என்று எங்கும் பதிவில்லை.

1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு நம் நாட்டில் இந்தக் கேள்வி கிட்டத்தட்ட முடிந்துபோனது. எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் அடுத்த தடவை அருவங்காடு வழியாகப் போகும்போது பையன் கேட்டால், "துப்பாக்கி மருந்துடா" என்பதோடு நான் நிறுத்தப் போவதில்லை.