தங்கவயல் புகட்டும் பாடம்

ஓர் ஊர் எவ்வாறு தோன்றுகிறது? நீர்வளம் உள்ள இடத்தில் உழவர் குடியேறுவர். வழிகள் சந்திக்கும் இடத்தில் வணிகர் கூடுவர். இவை பாடநூல்களில் நாம் படித்தவை. ஆனால் ஊருக்குள் வரும் நீரும் விளக்கும் மருத்துவமும் யாரை நாடி வருகின்றன? இவ்வினாவிற்கு விடையை, நம் மக்களின் உழைப்பால் எழுந்த கோலார் தங்கவயலின் வரலாற்றில் காணலாம்.

1873ஆம் ஆண்டில் லவெல் என்னும் அயர்லாந்து நாட்டவர், மைசூர் அரசிடம் அங்குச் சுரங்கம் தோண்டும் உரிமை கோரினார். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் வந்தபின் தொழில் ஓங்கியது. முட்புதர் மண்டிய மேட்டு நிலத்தில் சுரங்கங்கள் எழுந்தன. அவற்றுள் இறங்க ஆட்கள் தேவைப்பட்டனர்.

1876 முதல் 1878 வரை பெரும்பஞ்சம் வாட்டிய காலம் அப்போதுதான் கடந்திருந்தது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளின் சேரிகளிலிருந்து நம் முன்னோர் குடும்பம் குடும்பமாகச் சென்றனர். ஊர்ப் பொதுக் கிணற்றில் நீர் எடுக்க உரிமையற்று, பண்ணையில் அடிமைப்பட்டிருந்தோர்க்குக் காசாகக் கிடைத்த கூலி ஒரு விடுதலையாகவே தோன்றியது. அதற்கு அவர்கள் கொடுத்த விலையோ பெரிது. பாறை வெடித்துச் சரிந்து மாண்டோரும், கல்தூசியால் நுரையீரல் கெட்டு மடிந்தோரும் பலர்.

குடியிருப்பு பெருகவே வசதிகளும் வந்தன. 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை வந்தது. பாலாற்று நீர் பேத்தமங்கலத்தில் தேக்கப்பட்டுக் குழாய் வழியே வந்தது. 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கடந்து மின்சாரம் வந்தது. பெங்களூரின் தெருக்கள் மின்விளக்கைக் கண்டதோ 1905இல்தான்! எனினும் அம்மின்சாரம் முதலில் சென்றது சுரங்க எந்திரங்களுக்கே. துரைமார்க்கு மாளிகைகளும் மன்றங்களும் எழுந்தன. தோண்டியவர்க்கு மூங்கில் தட்டி வேய்ந்த ஓரறைக் குடிசைகளே வாய்த்தன. வசதிகள் தொழிலை நாடி வந்தன. தொழிலாளியை நாடி வரவில்லை.

ஆயினும் நம் மக்கள் வாளாவிருக்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கம் மாரிக்குப்பத்திலும் வேரூன்றியது. சாம்பியன் ரீப்பில் இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளை நூல்களாக்கிற்று. அவர் நடத்திய 'தமிழன்' இதழை 1926 முதல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிக்கொணர்ந்தார். பகலில் பாறையைப் பிளந்தவர்கள் மாலையில் இதழ் படிக்கக் கேட்டனர். 1930இல் கைரேகை பதிக்க வேண்டுமென்ற ஆணை வந்தபோது, 'நாம் குற்றவாளிகள் அல்லர்' என்னும் உணர்வோடு ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தனர். அறிவு வந்த இடத்தில் தன்மானமும் வந்தது.

1956இல் சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் வரை சென்று, ஏறக்குறைய 800 டன் பொன்னை ஈந்தபின், 2001ஆம் ஆண்டில் அவை மூடப்பட்டன. தொழிலை நம்பி வந்த வசதிகள் தொழிலோடு தளர்ந்தன. நிறுவனத்தின் பெரிய மருத்துவமனையும் செயலிழந்தது. ஆனால் அம்மக்கள் கலைந்துவிடவில்லை. அவர்தம் பிள்ளைகளுள் பல்லாயிரவர் நாள்தோறும் விடியலில் இரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து, இரவில் வீடு திரும்புகின்றனர். கற்றவர்க்கு அந்நகரில் அலுவலகங்கள் திறந்தன. கல்லாதார்க்கு மீண்டும் கூலி வேலையே எஞ்சிற்று.

இளைஞர்களே! பிறர் தேவைக்காக வரும் வசதி, அத்தேவை தீர்ந்ததும் நீங்கிவிடும். நாமே கூடி உண்டாக்கிக்கொண்ட கல்வியோ எந்தச் சுரங்கம் மூடினும் நம்மை விட்டு நீங்காது. நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக ஏற்றி வைத்துள்ள விளக்கும் அத்தகையதே. அதற்கு எண்ணெய் வார்க்கும் கடமை இனி உங்களுடையது.