பெரம்பலூர்ச் சீமைக்கு எட்டிய ஒலி

பச்சைமலையின் கிழக்கு அடிவாரத்திலிருந்து கொள்ளிடத்தின் வடகரை வரை பரந்து கிடக்கும் பெரம்பலூர், அரியலூர்ச் சீமைக்கு, இருபதாம் நூற்றாண்டு முழுவதிலும் தனக்கென்று ஆகாசவாணி நிலையம் ஒன்று இருந்ததில்லை. அதன் காதுக்கு எட்டிய ஒலியெல்லாம் வேறோர் ஊரிலிருந்து வந்தது. கடல் கடந்த வேறொரு தேசத்திலிருந்து வந்தது. சில ஆண்டுக் காலம் பூமிக்கு 36,000 கிலோமீட்டர் மேலே நின்ற ஒரு செயற்கைக் கோளிலிருந்தும் வந்தது. ஆகவே, ஓடுகின்ற காரில் கேட்பதற்கு விண்ணிலிருந்து இறங்கும் சந்தா வானொலி உகந்ததா, தரையில் நட்ட கோபுரத்திலிருந்து எழும் டிஜிட்டல் ஒலிபரப்பு உகந்ததா என்று உலகின் பல பாகங்களில் விவாதிக்கப்படும் கேள்விக்கு, இந்த இரண்டு ஜில்லாக்களின் பழைய அனுபவத்தைக் கொண்டே விடை சொல்லிவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

சென்னை மாகாணத்தில் ரேடியோ என்பது ஆரம்பத்தில் பட்டணவாசிகளின் விஷயமாகவே இருந்தது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் உற்சாகத்தால் 1924-ஆம் ஆண்டில் தோன்றிய சென்னை மாகாண ரேடியோ கிளப், பொருளில்லாமையால் 1927-இல் ஓய்ந்தது. 1930 முதல் சென்னை நகரசபை அந்தப் பணியை ஏற்று நடத்திற்று. 1938 ஜூன் 16-ந் தேதி அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் பிறந்தது. இவற்றில் எதுவும் காவிரிக் கரையையோ, அதற்கு வடக்கே உள்ள வானம் பார்த்த பூமியையோ மனத்தில் கொண்டு நிறுவப்பட்டதன்று. 1939 மே 16-ந் தேதி திருச்சிராப்பள்ளியில் மத்திய அலை நிலையம் திறக்கப்பட்டபோதுதான், அன்று திருச்சி ஜில்லாவின் வடகோடியாக இருந்த பெரம்பலூர், உடையார்பாளையம் தாலுகாக்களுக்கு அண்டை வீட்டுக் குரல் என்று சொல்லத்தக்க ஒரு குரல் கிடைத்தது. 1947-இல் தேசம் விடுதலை அடைந்த காலத்தில் இந்தியாவின் பங்கிற்கு வந்த நிலையங்கள் டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, லக்னௌ, திருச்சி என்ற ஆறே என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தச் சீமைக்கு வாய்த்த பாக்கியத்தின் அளவு விளங்கும்.

மத்திய அலையின் சுபாவத்தை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும்; ஏனெனில் பின்னால் வரும் விவாதம் முழுவதும் அதன் மேலேயே நிற்கிறது. இன்று திருச்சி நிலையம் ஒலிபரப்பும் 936 கிலோ ஹெர்ட்ஸ் என்ற எண்ணுக்கு உரிய அலையின் நீளம் சுமார் 320 மீட்டர். இத்தனை நீண்ட அலை, பகல் வேளையில், மேட்டையும் பள்ளத்தையும் பொருட்படுத்தாமல் பூமியைத் தழுவிக்கொண்டே செல்லும். ஈரம் தங்கும் மண்ணில் இன்னும் எளிதாகச் செல்லும். பொழுது சாய்ந்ததும், ஆகாயத்தின் மேல் அடுக்குகளில் மோதித் திரும்பி, நூற்றுக்கணக்கான மைல் தொலைவிலும் போய் விழும். பெரம்பலூர், வேப்பந்தட்டை, குன்னம், செந்துறை ஆகிய ஊர்களில் பகலில் திருச்சியும், இரவில் தூர தேசத்து நிலையங்களும் ஒரே பெட்டியில் கேட்டதற்குக் காரணம் இதுதான்.

பெட்டி எல்லார் வீட்டிலும் இருந்ததில்லை. மின்சாரம் வராத கிராமங்களில் கனத்த பாட்டரியை நம்பியே ரேடியோ நடந்தது. அதைக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி வருவது பெரிய வேலை. வைத்திருப்பவர் தபாலாபீசில் ஆண்டுதோறும் பணம் கட்டி லைசென்ஸைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1980-களின் நடுவில்தான் அந்த ஏற்பாடு அடியோடு எடுக்கப்பட்டது. ஆனால் பஞ்சாயத்து ரேடியோ என்ற நல்ல ஸ்தாபனம் ஒன்று இருந்தது. மாலை வேளையில் பஞ்சாயத்துக் கட்டடத்தின் ஒலிபெருக்கி வழியே செய்தியும் நாட்டுப்புறப் பாட்டும் ஊருக்குப் பொதுவாக ஒலித்தன. காசு கொடுத்தவன், கொடுக்காதவன் என்ற பேதம் அந்த ஒலிக்கு இல்லை. இந்த ஒன்றை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

சிலோன் ரேடியோவின் கதை தனி. 1952-ஆம் ஆண்டில் மத்திய மந்திரி பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டு மக்களின் ருசியைக் கெடுக்கிறது என்று கருதி ஆகாசவாணியிலிருந்து அதை அகற்ற முற்பட்டபோது, கேட்கிற ஜனங்கள் பெட்டியை மூடி வைத்துவிடவில்லை. முள்ளைத் திருப்பிக் கொழும்பைப் பிடித்தார்கள். பாக் ஜலசந்தியைக் கடந்து வந்த அந்தத் தமிழ் ஒலிபரப்பு, இங்குள்ளவர்களுக்குப் பாட்டை மட்டும் தரவில்லை, கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்களின் வாயிலாகத் தமிழை வேகமாகவும் பிழையின்றியும் பேசலாம் என்ற புதிய ருசியையும் தந்தது. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. 1957-இல் விவித பாரதியைத் தொடங்கி ஆகாசவாணி தன் கொள்கையைத் தளர்த்திக்கொண்டது என்றாலும், கொழும்பின் மேல் ஏற்பட்ட பிரியம் வெகுகாலம் குறையவில்லை.

எனினும், பாட்டு வந்த திசையையும் வாழ்க்கைக்கு வேண்டியது வந்த திசையையும் ஒன்றென்று எண்ணக் கூடாது. 1960-களின் மத்தியில் தேசம் உணவுப் பஞ்சத்தின் விளிம்பில் நின்ற காலத்தில், ஆகாசவாணி சில நிலையங்களில் பண்ணைக்கும் இல்லத்துக்கும் என்று தனிப் பிரிவுகளை அமைத்தது. திருச்சியும் அவற்றில் ஒன்று. அந்தக் காலத்தில் வெளிவந்த ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல்லைப் பற்றி, நாற்றங்கால் முதல் அறுவடை வரை, இன்ன நாளில் இன்ன உரம், இன்ன பூச்சிக்கு இன்ன மருந்து என்று திருச்சி வானொலி நாள்தோறும் எடுத்துச் சொல்லிற்று. தஞ்சை ஜில்லா விவசாயிகள் அந்த நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டுவிட்டார்கள். ஒரு நிலையம் அடையக்கூடிய பட்டங்களில் இதற்கு மேலான பட்டம் எனக்குத் தெரியவில்லை. அதே அலை கொள்ளிடத்தைக் கடந்து, புள்ளம்பாடி வாய்க்கால் பாயும் திருமானூர்ப் பக்கத்திலும் கேட்டது. அதற்கு வடக்கே பருத்தி, சின்ன வெங்காயம், பிற்காலத்தில் மக்காச்சோளம் என்று மழையை நம்பிப் பயிர் செய்கிற கரிசல் பூமியிலும், முந்திரி விளையும் ஜெயங்கொண்டத்துச் செம்மண்ணிலும் கேட்டது. மழை வருமா என்று வானத்தைப் பார்க்கிறவனுக்கு, அருகில் உள்ள நிலையத்தின் வானிலை அறிக்கை எத்தனை பெரிய துணை என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

இனி காருக்கு வருவோம். அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் 1930-ஆம் ஆண்டில் காருக்கென ஒரு ரேடியோவைச் செய்து விற்று, அதற்கு மோட்டரோலா என்று பெயர் சூட்டினார்கள். வால்வுகள் கொண்ட அந்தச் சாதனம் காரின் பாட்டரியை வெகு விரைவில் வற்றச் செய்யும். எஞ்சினின் பொறியிலிருந்து எழும் கரகரப்பு பாட்டோடு கலக்கும். 1955-இல் கிறைஸ்லர் கம்பெனியின் கார்களில் முழுவதும் டிரான்சிஸ்டரால் ஆன ரேடியோ வந்த பிறகே அந்தத் தொல்லை நீங்கத் தொடங்கிற்று. நம் நாட்டில் அம்பாஸிடரும் பியட்டும் ஓடிய காலத்தில் காரே செல்வத்தின் சின்னம். அதற்குள் ரேடியோ என்பது செல்வத்துக்குள் ஓர் ஆடம்பரம். சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலை பெரம்பலூர் வழியே போகிறது; அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லையும் சிமெண்டையும் ஏற்றிக்கொண்டு லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன; ஆயினும் அந்த வண்டிகளுக்குள் ஒலி நிறைந்தது காஸெட் வந்த பிறகுதான். காஸெட்டுக்கு ஒரு குறை உண்டு. அது நேற்றைய பாட்டைப் பாடும், இன்றைய சேதியைச் சொல்லாது.

பிறகு எஃப்.எம். வந்தது. தெளிவில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் அது பார்வைக் கோட்டில் செல்லும் அலை. ஆகாசவாணியின் 102.1 ஆனாலும், இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் தோன்றிய தனியார் நிலையங்கள் ஆனாலும், திருச்சியிலிருந்து வடக்கே சமயபுரம், பாடாலூர் வரை துல்லியமாக வந்த பாட்டு, பெரம்பலூரைத் தாண்டித் தொழுதூரை நோக்கிச் செல்லச் செல்ல நைந்து, இரைச்சலில் மூழ்கிப்போகும். வேகமாகச் செல்லும் காருக்கு அறுபது கிலோமீட்டர் என்பது ஒரு மணி நேரப் பிரயாணம்கூட அன்று. நகரங்களுக்கு நடுவே கிடக்கும் ஜில்லாக்கள் எஃப்.எம். யுகத்தில் மறுபடியும் ஒலியற்ற சீமைகளாயின.

அந்தக் குறையை விண்ணிலிருந்து தீர்ப்போம் என்று வந்தது வேர்ல்ட்ஸ்பேஸ். எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா என்பவர் 1990-ஆம் ஆண்டில் நிறுவிய கம்பெனி அது. ஆப்பிரிக்காவுக்கு 1998-இல் ஒரு கோளையும், ஆசியாவுக்கு 2000-இல் ஆசியாஸ்டார் என்ற கோளையும் அது ஏவிற்று. செய்தியும் கல்வியும் எட்டாத ஏழைத் தேசங்களுக்கு அவற்றை எட்டச் செய்வதே தம் நோக்கம் என்று சமாரா அறிவித்தார். அந்த நோக்கத்தின் உயர்வை நான் சந்தேகிக்கவில்லை. சந்தா கட்டினால் பல மொழிகளில் பல வரிசைகள், விளம்பரத் தொல்லையின்றி, குறுந்தகட்டின் தெளிவோடு கேட்கலாம். தமிழுக்கென்றும் ஒரு வரிசை இருந்தது. ஏ.ஆர். ரஹ்மான் அதற்கு அடையாள இசை அமைத்துக் கொடுத்தார். கிழக்கு வானில், பாதி உயரத்துக்குச் சற்று மேலே நின்ற அந்தக் கோளை நோக்கிச் சிறு தட்டு ஏரியலைத் திருப்பி வைத்தால், பெருநகரத்தில் கேட்கிற அதே ஒலி பெரம்பலூர் மாடியிலும் கேட்கும். தூரம் என்ற துக்கம் இல்லை.

ஆனால் இந்தியாவில் அது வீட்டுக்குள் நின்றுவிட்ட ஒலி. மரத்தடியில், பாலத்தடியில், உயர்ந்த கட்டடத்தின் நிழலில் கோள் மறைந்தால் ஒலி அறுந்துபோகும். அமெரிக்காவில் எக்ஸ்.எம்., சிரியஸ் என்ற இரண்டு கம்பெனிகள் 2001, 2002-ஆம் ஆண்டுகளில் காருக்கென்றே செயற்கைக் கோள் வானொலியைத் தொடங்கியபோது, கோள்களோடு நில்லாமல், நகரங்களில் தரைமேல் மறு ஒலிபரப்பிகளையும் நாட்டி இந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டன. அவ்வளவு செய்தும் செலவு தாங்காமல் 2008-இல் இரண்டும் ஒன்றாகிவிட்டன. நம் நாட்டில் ஓடும் காருக்கு உதவத்தக்க அத்தகைய தரைச் சாதனங்களின் துணை வேர்ல்ட்ஸ்பேஸுக்கு வாய்க்கவில்லை. 2008 அக்டோபரில் கம்பெனி திவால் மனுக் கொடுத்தது. 2009 டிசம்பர் 31-ந் தேதியோடு இந்தியாவில் அதன் ஒலி நின்றது. அன்று இந்தியாவில் அதற்கு இருந்த சந்தாதாரர் ஏறத்தாழ நான்கரை லட்சம் பேர்; அவர்கள் கையில் பெட்டி மட்டும் மிஞ்சிற்று. யாரோ ஒருவருடைய கணக்கில் நஷ்டம் எழுதப்பட்டது. இங்கே ஒரு வீட்டில் பாட்டு நின்றது. அந்த முடிவைப் பற்றிக் கேட்பதற்கு இந்தச் சீமையில் ஒரு வாசற்படி இல்லை.

தரையின் வழி மெதுவாக வந்தது. பழைய மத்திய அலையிலும் சிற்றலையிலுமே டிஜிட்டல் முறையில் ஒலிபரப்பும் டி.ஆர்.எம். என்ற ஏற்பாடு 2003-இல் உலகத்தில் நடைமுறைக்கு வந்தது. ஆகாசவாணி அதனைத் தன் முறையாக ஏற்று, 2009 முதல் டில்லியில் சிற்றலையில் நடத்தி, பின்னர் சென்னை உள்ளிட்ட பல ஊர்களில் முப்பத்தைந்து மத்திய அலை ஒலிபரப்பிகளை அதற்குத் தகுதியாக்கிற்று. இதன் மேன்மை பாட்டின் துல்லியத்தோடு முடிவதன்று. ஒரே அலைவரிசையில் இரண்டு மூன்று நிகழ்ச்சி வரிசைகள் செல்லும். எழுத்தில் செய்தியும் செல்லும். புயல், வெள்ளம் போன்ற ஆபத்துக் காலத்தில் எச்சரிக்கை தானே ஒலிக்கும். மின்சாரச் செலவும் குறையும். மண்ணைத் தழுவிச் செல்லும் அந்தப் பழைய குணம் இதிலும் உண்டாதலால், எஃப்.எம். நைந்துபோகும் நெடுஞ்சாலையிலும் இது தொடர்ந்து வரும். குறையும் உண்டு: பழைய ஒலி பலவீனமானால் கரகரத்தாவது கேட்கும், டிஜிட்டல் ஒலியோ, ஓர் எல்லை வரை முழுமையாக வந்து, எல்லை தாண்டியதும் சட்டென்று நின்றுவிடும். தனியாக வாங்கும் பெட்டிகளின் விலை சாமானிய ஜனங்களுக்கு எட்டாமல் இருந்ததே இதன் பெரிய தடை. விந்தையாக, அந்தத் தடையைக் கார் கடந்துவிட்டது. மாருதி, ஹூண்டாய் முதலிய கம்பெனிகள் விற்ற பல லட்சம் கார்களில் டி.ஆர்.எம். ஒலியைப் பிடிக்கும் வாங்கி தனிச் செலவின்றியே அமைந்திருக்கிறது. அப்படிப்பட்ட கார் தம் வீட்டு வாசலில் நிற்பதை அறியாதவர் அநேகர்.

எனவே என் தீர்ப்பு தரையின் பக்கமே. விண்ணின் ஒலி ஓடும் காருக்கு எட்டுவதில் குறைந்தது என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. பஞ்சாயத்து ரேடியோவைப் போலச் சந்தா கேட்காமல் எல்லார்க்கும் ஒலிப்பதும், ஆடுதுறை நெல்லைப் பற்றிப் பேசியது போல அந்தந்த மண்ணின் காரியத்தைப் பேசுவதும் அருகில் உள்ள நிலையத்துக்கே இயலும் என்பதால் சொல்கிறேன். 1995-இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் தனி ஜில்லா ஆயிற்று. அரியலூர் 2001-இல் பிரிந்து, மீண்டும் சேர்ந்து, 2007-இல் நிலையாகப் பிரிந்தது. நிர்வாகத்தின் எல்லைகள் மாறினாலும் இவ்விரு ஜில்லாக்களின் மத்திய அலை நிலையம் திருச்சிதான். தேசத்தில் மத்திய அலை ஒலிபரப்பிகள் பல நிறுத்தப்பட்டு வரும் இந்தக் காலத்தில், கேட்பவர் இல்லை என்ற காரணம் எளிதில் சொல்லப்படும். ஆதலால் இந்தச் சீமையில் கார் வைத்திருப்பவர்கள் அதில் டி.ஆர்.எம். வாங்கி உண்டா என்று பார்க்க வேண்டும். புதிதாக வாங்குகிறவர்கள் விற்பவரிடம் கேட்டு வாங்க வேண்டும். மத்திய அலையின் டிஜிட்டல் ஒலி பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் குறைவின்றி எட்ட வேண்டும் என்றும், அதில் இங்குள்ள மழையும் சந்தையும் பயிரும் பேசப்பட வேண்டும் என்றும், திருச்சி வானொலி நிலையத்துக்கு ஆளுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும்.