வட்டியில்லாப் பணச்சந்தை

மாலையில் கணக்கு முடிக்கும்போது ஒரு வங்கியிடம் பணம் மிஞ்சியிருக்கும், மற்றொன்றிடம் குறைந்திருக்கும். மிஞ்சியது குறைந்ததற்கு ஓரிரவுக்கோ ஒரு திங்களுக்கோ கைகொடுக்கும் இடமே பணச்சந்தை. அங்கே பணத்திற்கு விலை வட்டியாகும். வட்டியை விலக்கும் இஸ்லாமிய நெறியில் நிற்கும் வங்கி யாது செய்யும்? இவ்வினாவிற்கு மலேசியா விடை தேடிய வரலாறு அறியத்தக்கது.

1983ஆம் ஆண்டு இஸ்லாமிய வங்கிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு ஜூலை முதல் நாள் பேங்க் இஸ்லாம் தன் பணியைத் தொடங்கிற்று. ஏனைய வங்கிகள் தம் கையிருப்பில் ஒரு பகுதியை வட்டி தரும் அரசாங்கப் பத்திரங்களில் வைத்திருந்தன. புதிய வங்கிக்கு அவ்வழி அடைபட்டிருந்தது. ஆகவே, அரசாங்க முதலீட்டுச் சட்டம் இயற்றப்பெற்று, வட்டியில்லாச் சான்றிதழ்கள் வெளிவந்தன. நாம் கைமாற்று என வழங்குவதைப் போன்றதே அவற்றின் அடிப்படை. முதலைத் திருப்புவது கடமை. அதற்குமேல் தருவது அரசின் விருப்பம்.

ஆயினும், ஒரே வங்கி சந்தையாகிவிடாது. கொடுப்பாரும் கொள்வாரும் பலராதல் வேண்டும். 1993இல் பிற வங்கிகளும் வட்டியில்லாச் சேவை நடத்த இசைவு பெற்றன. பின்னரே, 1994 ஜனவரி 3ஆம் நாள் வங்கிகளுக்கிடையிலான இஸ்லாமியப் பணச்சந்தை பிறந்தது. முதலிட்ட வங்கி, பணம் பெற்ற வங்கியின் இலாபத்தில் முன்னரே ஒப்பிய விகிதப்படி பங்கு பெறும் முளாரபா முறை அங்கு வழங்கிற்று.

2007இல் நம் நாட்டுச் செம்பனை எண்ணெய் இச்சந்தைக்குள் வந்தது. பணம் மிகுந்த வங்கி எண்ணெயை ரொக்கத்திற்கு வாங்கி, இலாபம் சேர்த்துத் தவணைக்கு மற்ற வங்கிக்கு விற்கும். அவ்வங்கி அதனை வேறொருவரிடம் ரொக்கத்திற்கு விற்றுத் தன் தேவையை நிறைவுசெய்யும். இவ்வணிகத்திற்கெனவே 2009இல் புர்சா மலேசியா தனிச்சந்தை அமைத்தது.

அதே 2009இல் ஷார்ஜாவில் கூடிய அனைத்துலக இஸ்லாமியச் சட்டவியல் கழகம், முன்னேற்பாட்டுடன் நிகழும் இத்தகைய சுற்றுவணிகம் தகாதென்று தீர்மானித்தது. பேங்க் நெகாராவின் ஷரியா ஆலோசனை மன்றமோ இம்முறையை ஏற்றது. பொருள் மெய்யாகவே கைமாறினால் அது வணிகம். ஏட்டில் மட்டும் மாறினால் வட்டிக்கு இட்ட வேறு பெயர். வழக்கின் உயிர்நாடி இதுவேயாகும். சட்டம் இயற்றுவது எளிது. சட்டத்தின் சொல்லோடு அதன் உட்கருத்தையும் காப்பதே அரிது என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.