தகடு சொல்லும் ஆண்டு: அமெரிக்க வீட்டு ஆய்வறிக்கையில் வெப்ப, குளிர் சாதனங்களின் வயது

அமெரிக்காவில் வீடொன்றை விலை பேசி முடித்தவர், பத்திரம் முடிவதற்கு முன் வீட்டு ஆய்வாளர் ஒருவரை அமர்த்திக்கொள்வது வழக்கம். கூரையிலிருந்து அடித்தளம் வரை பார்த்து அவர் எழுதித் தரும் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாங்குபவர் விலையைக் குறைக்கக் கேட்கிறார், பழுதைச் சரிசெய்து தரச் சொல்கிறார், சில வேளை பின்வாங்கியும் விடுகிறார். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்கும் ஏசிக்கும் எத்தனை வயது என்று அந்த அறிக்கையில் எழுத வேண்டுமா என்பது அத்தொழிலில் நெடுநாளாகத் தீராத வழக்கு. எழுதியே ஆக வேண்டும் என்பது என் நிலை. ஆனால் இன்று பலர் எழுதுகிற விதம் எனக்கு உடன்பாடில்லை.

தொழில் நெறிகள் இவ்விஷயத்தில் கைகொடுப்பதில்லை. எந்தச் சாதனம் எப்போது நிறுவப்பட்டது என்று தீர்மானிக்கும் கடமையோ, அது எவ்வளவு காலம் உழைக்கும் என்று சொல்லும் கடமையோ ஆய்வாளருக்கு இல்லை என்கிறது வீட்டு ஆய்வாளர்களின் அமைப்புகளில் ஒன்றான இன்டர்நாச்சியின் நெறி. கடந்ததும் வருவதும் அங்கே ஒரே விலக்குக்குள் அடங்கிவிடுகின்றன. 1976இல் தோன்றிய அமெரிக்க வீட்டு ஆய்வாளர் சங்கத்தின் நெறி இன்னும் விநோதமானது. எஞ்சிய ஆயுளைக் கணிக்க வேண்டியதில்லை என்று ஓரிடத்தில் விலக்கு அளிக்கிறது. பயன்பாட்டுக் காலத்தின் முடிவை நெருங்கிவிட்டதாக ஆய்வாளர் கருதுபவற்றை அறிக்கையில் தெரிவிக்க வேண்டும் என்று வேறோரிடத்தில் பணிக்கிறது. ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஊர் நெருங்கிவிட்டது என்று எப்படிச் சொல்வது? இந்தக் கடமையை நிறைவேற்ற முனைகிற எவரும் முதலில் தேடுவது தயாரிப்புத் தேதியைத்தான். அதைத் தேடச் சொல்லவும் இல்லை, தேடாதே என்று தடுக்கவும் இல்லை நெறி.

அந்தத் தேதி கிடைக்காத பொருளன்று. சில சாதனங்களின் தகட்டில் மாதமும் ஆண்டும் வெளிப்படையாகவே அச்சாகியிருக்கும். மற்றவற்றில் வரிசை எண்ணுக்குள் இருக்கும். கேரியர் தகட்டில் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கின்றன. குட்மேன் தகட்டில் முதலில் ஆண்டு, பிறகு மாதம். ஆகவே 0806 என்று தொடங்கும் எண் கேரியரில் 2006ஆம் ஆண்டின் எட்டாவது வாரம். குட்மேனில் 2008 ஜூன். நிறுவனம் மாறினால் இரண்டு ஆண்டு தவறிப்போகும். யார்க் நிறுவனம் 1971 முதல் 2004 வரை ஆண்டுக்கு ஓர் எழுத்தாகக் குறித்து வந்தது. 21 ஆண்டுகளில் எழுத்துகள் தீர்ந்துபோய் மறுபடி தொடங்கியதால் ‘ஏ’ என்பது 1971ஆகவும் இருக்கலாம், 1992ஆகவும் இருக்கலாம். பெட்டியின் அமைப்பு, துரு, அருகிலுள்ள மின்வயர்களின் காலம் ஆகியவற்றைப் பார்த்து அனுபவமுள்ளவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துவிடுவார். அப்படித் தேர்ந்தது தகட்டில் படித்ததற்குச் சமமாகாது. இந்த வேறுபாடு அறிக்கையிலும் தெரிய வேண்டும்.

‘ஏசியின் வயது’ என்று ஒருமையில் பேசுவதே பல வீடுகளில் பிழை. வெளியே கம்ப்ரசர் இருக்கும் யூனிட் 2015இல் தயாரானதாக இருக்கும். உள்ளே அடித்தளத்தில் உள்ள ஃபர்னஸ் 1998ஐச் சேர்ந்ததாக இருக்கும். ஃபர்னஸின் மேல் தகரப் பெட்டிக்குள் இருக்கும் குளிர்ச்சுருளுக்கு மூன்றாவதாக ஒரு தேதி இருக்கும், பேனலைக் கழற்றாமல் அது தெரியாது. வெளி யூனிட்டின் தகடு வெயில் பட்டு வெளுத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் எண் தெரியும் நிலையில் இருப்பதும் சாதாரணம். இவற்றுள் புதியதை மட்டும் பார்த்து ‘ஏசி 2015’ என்று எழுதினால் வாங்குபவர் ஏமாந்துபோவார். தவிர, தகடு சொல்வது தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட காலத்தை. விநியோகஸ்தரின் கிடங்கில் ஓராண்டு கிடந்த பின் பொருத்தியிருந்தாலும் தகட்டில் அது தெரியாது.

இவ்வளவு சிக்கல் இருக்க, எதற்கு எழுத வேண்டும்? ஆய்வாளரால் சோதிக்க முடியாத இடங்களில் தேதி ஒன்றுதான் மிஞ்சுகிறது என்பதற்காக. சிகாகோவில் ஜனவரியில் விற்பனைக்கு வரும் வீட்டில் ஏசியை யாரும் ஓட்டிப் பார்ப்பதில்லை. வெளியே 65 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இருந்தால் கம்ப்ரசர் கெடும் என்று தவிர்ப்பதே வழக்கம். ஃபர்னஸின் வெப்பப் பரிமாற்றியில் விரிசல் இருந்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் கசியக்கூடும். ஆனால் அதன் உட்புறத்தைப் பார்ப்பது ஆய்வின் எல்லைக்குள் வராது. ஓட்டவும் இல்லை, திறக்கவும் இல்லை, வயதையும் சொல்வதற்கில்லை என்றால் வாங்குபவருக்கு அந்த அறிக்கையில் என்னதான் மிஞ்சும்?

இன்னொரு காரணம் உண்டு, வலுவானதும் இதுவே. ஆண்டு என்பது தேய்மானத்தின் அளவு மட்டுமல்ல, சாதனம் எந்தச் சட்டத்தின் காலத்தில் பிறந்தது என்பதற்கும் சான்று. ஆர்-22 என்னும் குளிரூட்டும் வாயு நிரப்பிய புதிய ஏசிகள் 2010 தொடக்கத்தோடு நின்றன. அமெரிக்காவில் அந்த வாயுவைப் புதிதாகத் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் 2020 தொடக்கத்தில் நின்றன. மீட்டெடுத்த வாயு கிடைக்கிறது, விலை கொடுக்க வேண்டும். 2008 தகட்டைப் பார்த்ததும் வாயு எது என்று பார்க்கத் தோன்ற வேண்டும். வாயு நிரப்பாமல் விற்கப்பட்ட ஆர்-22 யூனிட்டுகள் 2010க்குப் பின்னும் வந்ததால், ஆண்டை மட்டும் நம்பாமல் தகட்டில் வாயுவின் பெயரையும் படிக்க வேண்டியிருக்கிறது. ஆர்-410ஏ வாயுவுக்கும் அதே கதை தொடங்கிவிட்டது: அதைப் பயன்படுத்தும் வீட்டு ஏசிகளின் தயாரிப்பை 2025 தொடக்கத்திலிருந்து விதிகள் தடுத்தன. இதைவிட அவசரமான உதாரணம் கலிஃபோர்னியாவில் இருக்கிறது. கன்சாலிடேட்டட் இண்டஸ்ட்ரீஸ் 1983 முதல் 1994 வரை தயாரித்து, பரண்களில் படுக்கை வசமாகப் பொருத்தப்பட்ட எரிவாயு ஃபர்னஸுகளில் தீப்பிடிக்கும் அபாயம் இருப்பதாக நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2000இல் எச்சரித்தது. எரிவாயு பர்னர்களுக்கு மேலே எஃகுக் கம்பிகள் வைத்தவை அவை; பல பிராண்டுப் பெயர்களில் விற்கப்பட்டவை. பிராண்டை மட்டும் எழுதிவிட்டு ஆண்டை விடும் அறிக்கை இங்கே ஆபத்தானது.

இனி, நான் ஏற்காத பழக்கம். ‘இந்த ஃபர்னஸ் தன் ஆயுளைக் கடந்துவிட்டது’ என்று ரப்பர் ஸ்டாம்ப் போலக் குத்திவிடும் வாக்கியம் அது. இதற்கு அடிப்படையாகக் காட்டப்படும் எண்கள் வெப்ப, குளிர் சாதனப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் கையேட்டிலிருந்தும் (எரிவாயு ஃபர்னஸுக்கு 18 ஆண்டு, வீட்டு ஏசிக்கு 15), வீடு கட்டுவோர் தேசியச் சங்கத்தின் 2007 ஆய்விலிருந்தும் (ஃபர்னஸுக்கு 15 முதல் 20, ஏசிக்கு 10 முதல் 15) வருகின்றன. ஆஷ்ரே தருவது இடைநிலை எண். பாதிச் சாதனங்கள் அதற்குள் மாற்றப்பட்டன, மறுபாதி அதைத் தாண்டி ஓடின என்பதுதான் அதன் பொருள். 18 ஆண்டு ஓடிய ஃபர்னஸ் இன்றும் ஒழுங்காக எரிகிறதென்றால், அது தாண்டி ஓடுகிற கூட்டத்தில் சேர்ந்துவிட்டது. மேலும், ஃப்ளோரிடாக் கடற்கரையின் உப்புக் காற்றில் அலுமினியத் தகடுகள் அரிபடும் ஏசியும், மினசோட்டாவில் ஆண்டுக்குச் சில வாரங்களே ஓடும் ஏசியும் ஒரே அட்டவணைக்குள் அடங்குவதில்லை. குளிருக்கும் வெயிலுக்கும் ஓடும் ஹீட் பம்ப்பின் கணக்கு வேறு.

எழுதினால் வழக்கு வரும் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் தடை. பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆண்டைத் தவறாகப் படித்தால் பொறுப்பு அவர்கள் தலையில்தான். ஆனால் ஃப்ளோரிடாவில் இதே ஆய்வாளர்கள் காப்பீட்டுக்காகச் செய்யும் நான்கு அம்ச ஆய்வில், ஏசி அமைப்பின் வயதைக் கேட்கும் கட்டத்தை நிரப்பிக் கையெழுத்திடுகிறார்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லக்கூடியதை, பணம் கொடுத்து அமர்த்திய வாங்குபவருக்குச் சொல்லக் கூடாது என்பதை நான் ஏற்பதற்கில்லை.

விற்பவரின் ஏஜென்ட் சொல்லும் தடை வேறு: வயது ஒரு பழுதாகாது. உண்மை. ஆகவே அது பழுதுப் பட்டியலில் வரக் கூடாது. மாடல் எண்ணும் திறனும் எழுதும் விவரணைப் பகுதியில் வர வேண்டும், இப்படி: ‘வெளி யூனிட், கேரியர். வரிசை எண்ணின்படி 2006ஆம் ஆண்டின் 24ஆம் வாரத் தயாரிப்பு. வாயு ஆர்-22 என்று தகட்டில் உள்ளது. நிறுவிய தேதி தெரியவில்லை. குளிரின் காரணமாக இயக்கிப் பார்க்கவில்லை.’ தகடு அழிந்திருந்தால் ‘தகடு படிக்க இயலவில்லை’ என்றும், ஊகமாக இருந்தால் எதை வைத்து ஊகித்தார் என்றும் ஒரு வரி சேர்த்தால் போதும். மாற்றச் செலவுக்கு இப்போதே பணம் ஒதுக்குவதா, ஏசி மெக்கானிக்கை அழைத்துத் திறந்து பார்க்கச் சொல்வதா என்பதை வாங்குபவர் அந்த வரிகளை வைத்துத் தீர்மானித்துக்கொள்வார்.