நீம்ரானா: தோற்றவன் பெயர் தாங்கிய கோட்டை

டில்லியிலிருந்து ஜெய்ப்பூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில், ஆரவல்லிக் குன்றின் சரிவில் அடுக்கடுக்காக ஏறி நிற்கிறது நீம்ரானாக் கோட்டை. அதன் கட்டுமானம் தொடங்கிய ஆண்டு 1464. கட்டியோர் சௌகான் குலத்தார். 1192-இல் தராயின் களத்தில் முகம்மது கோரியிடம் வீழ்ந்த பிருதிவிராசனின் வழித்தோன்றல்கள் எனத் தம்மைக் கூறிக்கொண்டவர்கள்.

ஆயினும் கோட்டையின் பெயர் அவர்களுடையதன்று. முன்னர் அவ்விடத்தை ஆண்ட நிமோலா மேவ் என்னும் தலைவன், தோற்றபோது தன் பெயரையேனும் அம்மண்ணில் நிலைக்க விடுமாறு வேண்டினான் என்றும், வென்றவர்கள் அதற்கு இசைந்தனர் என்றும் சொல்லுவர். செவிவழிச் செய்திதான், ஆனால் வென்றவரின் கோட்டை தோற்றவனின் பெயரால் வழங்குவதாக ஒரு மண் தன் கதையைச் சொல்லிக்கொள்வது சிறிய செய்தியன்று.

மேவாத்தின் மேவ் மக்கள் இஸ்லாத்தைத் தழுவியோர். எனினும் தம் பழைய கோத்திர முறையை விடாதோர். பாரதக் கதையைத் தம் மொழியில் பாடி வந்தோர். அவர்களது தலைவர் ஹசன்கான் மேவாத்தி, 1527-இல் கான்வாப் போரில் ராணா சங்காவின் பக்கம் நின்று பாபரை எதிர்த்து உயிர் நீத்தார். இந்நிலத்தின் போர்களையெல்லாம் இரு மதங்களின் சண்டையாக எழுதிவிடுவோர் இக்களத்தை எங்கே வைப்பார்களோ!

விடுதலைக்குப்பின் அரச குடும்பம் கோட்டையை விட்டு அகன்றது. மதில் சரிந்தது, கூரை வீழ்ந்தது. 1971-இல் மன்னர் மானியம் ஒழிந்தபின் இத்தகைய மாளிகைகளைப் பேணுவோர் அருகினர். ஜெய்ப்பூரின் ராம்பாக் அரண்மனை 1957-லேயே விடுதியாகிவிட்டது. அதற்குக் கூரை இருந்தது. நீம்ரானாவோ வெறும் இடிபாடு. 1986-இல் அதனை வாங்கிய எழுத்தாளர் அமன் நாத்தும், பிரான்சில் பிறந்த பிரான்சிஸ் வாக்சியார்க்கும் சிறிது சிறிதாகச் செப்பனிட்டு, 1991-இல் சில அறைகளோடு விடுதியாகத் திறந்தனர். இன்று அறைகள் எழுபதுக்கு மேல். நம் தரங்கம்பாடியில் கடலை நோக்கிய பழைய மாளிகையொன்றைப் புதுப்பித்ததும் இவர்களது நிறுவனமே. வாக்சியார்க் 2014-இல் காலமானார்.

செல்வர் உறங்கும் இடமாகிவிட்டதே எனக் குறைகூறுவது எளிது. அரசும் கைவிட்டு, வாரிசும் கைவிட்ட கல்லை வணிகம் எடுத்து நிறுத்தியது என்பதை மறைக்கலாகாது. ஆனால் வணிகத்தின் கை எட்டும் தொலைவு ஒன்று உண்டு. அதே ஊரில், பல அடுக்குகளாக நிலத்தினுள் இறங்கும் பழைய படிக்கிணறு இருக்கிறது. ஊராரும் வழிப்போக்கரும் நீர் பெற்ற இடம். அங்கே அறையெடுத்துத் தங்க எவரும் பணம் தரப்போவதில்லை. அதனை எடுத்து நிறுத்தப்போவது யார்?